அந்தோனியாருக்குப் பின்னால் படுத்திருந்த மாடு

"தம்பி, உண்மையைச் சொல்லும். இது அந்தோனியாரோ, இல்லையோ?"

போன சனிக்கிழமை ஊர்காவற்றுறையில் ஒரு மீனவர் வீட்டு முற்றத்தில், நான் சைக்கிளை ஸ்டாண்டில் போட முன்னமே வந்து விழுந்த கேள்வி இது. கேட்டவர் பிலோமினா அக்கா. அவருடைய உள்ளங்கையில் தேய்ந்துபோன ஒரு செப்பு வட்டம். உச்சியில் ஒரு துளை, துளையில் புது வளையம், வளையத்தில் கறுப்புக் கயிறு.

இந்தப் பத்தியை வாராவாரம் வாசிப்பவர்களுக்கு என் வியாதி தெரியும். பழைய காசு என்றால் எனக்குச் சாப்பாடு வேண்டாம். சட்டைப் பையில் எப்போதும் ஒரு பூதக்கண்ணாடி. அதனால் தீவுப்பகுதியில் யார் வீட்டில் எது வட்டமாக அகப்பட்டாலும் கடைசியில் என்னிடம் வந்து சேரும். ஒருவர் 'ஒல்லாந்தர் காலத்துக் காசு' என்று பட்டுத் துணியில் சுற்றிக் கொண்டுவந்து காட்டினார். அவிழ்த்துப் பார்த்தால்... பஸ் சில்லு ஏறித் தட்டையான சோடா மூடி!

ஆனால் எல்லோரும் "இது என்ன காசு?" என்றுதான் கேட்பார்கள். "இவர் எந்தப் புனிதர்?" என்று இதுவரை யாரும் கேட்டதில்லை.

விஷயம் இதுதான். அக்காவின் கணவர் சவிரிமுத்து அண்ணை. அவருடைய பாட்டனாரின் வலையில் மீனோடு மீனாக ஏறி வந்த பொருள் இது. ஒரு பக்கத்தில் ஓர் உருவம் நிற்கிறது. கை மடிந்திருக்கிறது. குழந்தை யேசுவை ஏந்திய அந்தோனியாரேதான் என்று வீட்டார் முடிவுகட்டி, துளை போட்டுக் கயிறு கோத்துவிட்டார்கள். அன்று தொடங்கியது ஒரு வழக்கம். வீட்டு ஆண் கடலுக்குப் போகும்போது மனைவிதான் அதைக் கழுத்தில் கட்டிவிட வேண்டும். கரைக்கு வந்ததும் அவர் கழற்றி அவள் கையில் கொடுக்க வேண்டும். அடுத்த பயணம் வரை அது மாதா சுரூபத்தின் காலடியில் இருக்கும்.

அதைக் கட்டிக்கொண்டு போனவர்கள் எல்லோரும் திரும்பி வந்திருக்கிறார்கள். கடலில் இப்போது காற்றுக்கும் அலைக்கும் மட்டுமா பயப்பட வேண்டியிருக்கிறது? வள்ளம் போனால், அது திரும்பும் வரை எந்த வீட்டில் சோறு தொண்டைக்குள் இறங்குகிறது?

துளை தேய்ந்து கயிற்றை அறுக்கத் தொடங்கியதால், வளையம் ஒன்று போடச் சொல்லி வேலணையில் நகை செய்யும் பத்தரிடம் கொடுத்திருக்கிறார் அக்கா. பத்தர் சும்மா இருப்பாரா? குத்துவிளக்குக்குப் போடுவது போலப் புளி போட்டு விளக்கியும் விட்டார். முன்பக்க அந்தோனியார் அப்படியேதான் இருந்தார். ஆனால் காலம் காலமாக ஊத்தை பிடித்துக் கிடந்த பின்பக்கம் –

"உங்கட அந்தோனியாருக்குப் பின்னாலை மாடு ஒண்டு படுத்திருக்குது எண்டு சொல்லிச் சிரிக்கிறார் தம்பி!"

முற்றத்து மூலையில் வலையை மடித்துக்கொண்டிருந்த சவிரிமுத்து அண்ணை குரல் கொடுத்தார். "அது பெத்தலகேம் மாட்டுக்கொட்டில் மாடாயிருக்கும் எண்டு நான் அப்பவே சொல்லிப்போட்டன். இவ கேக்கிறாவில்லை."

"பெத்தலகேமுக்கும் அந்தோனியாருக்கும் என்ன சம்பந்தம்? சின்னனிலை ஞானோபதேச வகுப்புக்கு ஒழுங்காப் போயிருந்தாலெல்லோ தெரியும்!"

"பங்குச் சுவாமியாரிட்டைக் கேட்டிருக்கலாமே அக்கா?" என்றேன்.

"ஏச்சு வாங்கவோ? இவ்வளவு காலமும் எதைக் கும்பிட்டனீங்கள் எண்டு கேட்டால் நான் கோயிலுக்கை தலைகாட்ட ஏலுமோ?" அக்காவின் குரல் இறங்கியது. "பின்னேரக் காத்துக்கு வள்ளம் இறங்க வேணும். அதுக்குள்ளை சொல்லும் தம்பி. அந்தோனியார் இல்லையெண்டால் இதைக் கட்டிவிட எனக்கு மனம் வராது. கட்டாமல் அவரைப் போக விடவும் மாட்டன்."

கண்ணாடியை எடுத்தேன். முன்பக்க உருவத்தின் முகம் இல்லை – முத்தமிட்டே தேய்த்திருக்கிறார்கள். பின்பக்கம் திருப்பினேன். படுத்திருக்கும் எருது. அதற்கு மேலே சின்னப் பிறை. கீழே ஏதோ கீறல்கள்... எழுத்தா? மினுக்கத்தில் கண் கூசியதே தவிர ஒன்றும் பிடிபடவில்லை.

"அண்ணை, சிகரட் பெட்டி இருக்கோ?"

"நீர் பத்துறனீரோ தம்பி?"

"இல்லை அண்ணை, உள்ளுக்கு இருக்கிற ஈயத்தாள் வேணும்."

தாளைக் காசின் மேல் விரித்து விரல் நுனியால் மெல்ல மெல்ல அழுத்தினேன். எருதின் திமில் எழும்பியது. பிறை எழும்பியது. பிறகு கீழே, ஒவ்வொன்றாக எழுத்துகள்... போத்துக்கேய எழுத்தா வரும், ஒல்லாந்தர் எழுத்தா வரும் என்று நான் மூச்சைப் பிடித்துக்கொண்டிருக்க, தோளுக்கு மேலால் எட்டிப் பார்த்த அக்கா எனக்கு முன்னமே வாசித்துவிட்டார்.

"சே... து. சேது! தம்பி, இது எங்கட எழுத்தெல்லே?"

எங்கள் எழுத்துத்தான்!

படத்தில் மட்டுமே பார்த்திருந்தேன். நல்லூரில் இருந்து ஆண்ட அரசர்களின் சேதுக் காசு! எவனோ ஒரு கம்மாளன் அச்சில் வெட்டிய எழுத்து, அரசு அழிந்து, கோட்டைகள் எழும்பி, கொடிகள் மாறி மாறி ஏறி இறங்கி, உப்புத் தண்ணீருக்குள் எவ்வளவு காலம் கிடந்ததோ... இன்று ஊர்காவற்றுறை முற்றத்தில், ஐந்தாம் வகுப்போடு நின்ற ஒரு பெண் அதைக் கடைப் பலகை வாசிப்பது போல வாசித்துவிட்டுப் போகிறார்.

என்னால் அடக்க முடியவில்லை. முன்பக்கம் நிற்பவர் அரசர், பின்பக்கம் அவருடைய எருதுச் சின்னம், போத்துக்கேயர் வருவதற்கு முந்திய காலம் என்று கொட்டித் தீர்த்தேன். அந்த அரசை அழித்து, கடைசி அரசனைக் கப்பலேற்றிக் கோவாவுக்குக் கொண்டுபோனவர்கள் போத்துக்கேயர். அந்தோனியாரை இந்தக் கரைக்குக் கொண்டுவந்தவர்களும் அவர்கள்தான். அந்தோனியார் பிறந்ததே போத்துக்கல்லில்! தோற்ற அரசரின் காசு கடலுக்குள் கிடந்து, வலையில் ஏறி வந்து, வென்றவர்களின் புனிதராக நின்று இத்தனை காலம் முத்தம் வாங்கியிருக்கிறது. எந்தச் சரித்திரப் புத்தகம் இதை எழுதும்?

"அப்ப... அந்தோனியார் இல்லை" என்றார் அக்கா.

அப்போதுதான் அவர் முகத்தைப் பார்த்தேன். கரையில் இருந்து யாரோ விசிலடித்தார்கள். அண்ணை வலையைத் தோளில் போட்டுக்கொண்டு, வழக்கம்போலக் கழுத்தைத் தாழ்த்தியபடி வந்து நின்றார்.

"இல்லை அக்கா."

அக்கா காசையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இந்த இராசாவுக்குக் கடல் தெரியுமோ தம்பி?"

நான் எழுதிய எந்தச் சோதனையிலும் இப்படி ஒரு கேள்வி வந்ததில்லை. ஆனால் விடை தெரியும்!

"தெரியும் அக்கா. சேது எண்டது உந்தக் கடல்தான், இராமேசுவரப் பக்கம். அதைக் காக்கிறவை எண்டுதான் அந்த இராசாக்களுக்குப் பட்டம். சேதுகாவலர்."

"காவலரோ?"

"ஓம்."

அக்கா உள்ளே போனார். வரும்போது கையில் அவருடைய செபமாலை. அதில் தொங்கிய சின்ன அலுமினிய மெடலைப் பல்லால் நெம்பிக் கழற்றினார் – சந்தேகமே இல்லாத, கோயிலில் வாங்கிய அந்தோனியார். காசு இருந்த கயிற்றிலேயே அதையும் கோத்து, அண்ணையின் கழுத்தில் கட்டி இறுக்கினார்.

"இனி ரெண்டு பேரும் போகட்டும்."

"ஐயோ! அவையள் பழைய பகையாளியள் எண்டு தம்பி இப்பத்தானே சொன்னவர்? நடுக்கடலிலை சண்டை பிடிச்சால் நான் ஆரைப் பிடிக்கிறது?"

"வாயை மூடிக்கொண்டு போங்கோ. போயிட்டு வாங்கோ."

வள்ளம் புள்ளியாகும் வரை அக்கா கரையை விட்டு அசையவில்லை. பக்கத்தில் நின்ற என்னிடம் மிஞ்சியது ஒரு துண்டு ஈயத்தாள்.

ஞாயிறு காலை மீன் சந்தைக்கு ஓடினேன். மீன் வாங்கவா போனேன்? கூடைக்குப் பின்னால் தூக்கம் கலையாத கண்களோடு சவிரிமுத்து அண்ணை இருந்தார். கழுத்து வெறுமையாக இருந்தது – ஆக, கழற்றி அக்காவின் கையில் கொடுத்தாகிவிட்டது.

"என்ன அண்ணை, சண்டை நடந்ததோ?"

"எங்கை தம்பி! ரெண்டு பேரும் ஒரு பக்கமா நிண்டெல்லோ வலை இழுத்தவை!"