புரதத்தைப் பட்டினி போட்டேன்

எனக்கு எழுபத்து நான்கு வயது. பெற்றது ஐந்து. செத்துப்போன நாத்தனாரின் இரண்டையும் சேர்த்து ஏழு பிள்ளைகளை வளர்த்தேன். லாபு ஊருக்குப் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டித்தான் வளர்த்தேன், யார் வாசலிலும் போய் நின்றதில்லை. படிப்பு தோட்டத்துப் பள்ளியில் மூன்றாம் வகுப்போடு சரி. அதனால் மெதுவாகத்தான் எழுத வரும்.

மூத்திரத்தில் ரத்தம் வந்தபோது சூடு என்றுதான் நினைத்தேன். வலி ஒன்றும் இல்லை. வெந்தயம் ஊறவைத்துக் குடித்தேன், நின்றுவிட்டது. மறுபடி வந்தபோது மருமகள் பார்த்துவிட்டாள்.

"எத்தன நாளா இப்படி, அத்த?"

"சூடு லா. எளநி குடிச்சா போயிரும்."

"எளநியெல்லாம் போதும். மொதல்ல சேலய மாத்துங்க, ஆஸ்பத்திரிக்குப் போவோம்."

சிரம்பான் பெரிய ஆஸ்பத்திரியில் கேமரா விட்டுப் பார்த்தார்கள். மூத்திரப்பையில் கட்டி. புற்று என்றார்கள். உள்ளேயே சுரண்டி எடுத்தார்கள். அதற்குப் பிறகு, நம் தமிழ்ப் பிள்ளைதான், ஒரு சின்ன வயது டாக்டர் என் பக்கத்தில் உட்கார்ந்து சொன்னாள்.

"தசைக்குள்ள எறங்கல பாட்டி, அது நல்லது. ஆனா முரட்டு ரகம். அதுல சில புரதம் எப்படி இருக்குன்னு சாயம் போட்டுப் பார்க்க அனுப்பியிருக்கோம். அது கூடுதலா இருந்தா, திரும்பி வரவும் ஆழமா எறங்கவும் வாய்ப்பு அதிகம். அப்படின்னா பையையே எடுக்கறதப் பத்திப் பேசணும்."

பையை எடுத்தால் வயிற்றில் ஓட்டை போட்டு, வெளியே ஒரு பை ஒட்டிவிடுவார்களாம். மூத்திரம் அதில் விழுமாம். அதைக் கேட்ட பிறகு என் காதில் ஒன்றுதான் நின்றது. புரதம் கூடுதலாக இருக்கக்கூடாது.

புரதத்தைக் குறைக்க எனக்குத் தெரியும். என் வீட்டுக்காரருக்குக் கிட்னி கெட்டபோது, புரதத்தைக் குறைக்கச் சொல்லி ஆஸ்பத்திரி நர்ஸ் மிஸி பாடம் நடத்தினாள். முட்டை, பருப்பு, கறி, நெத்திலி எல்லாம் அளந்து அளந்துதான் அவருக்குப் போட்டேன். அதே கை இப்போது எனக்குப் போட்டது. அவருக்காவது அளவு இருந்தது. நான் அறவே நிறுத்தினேன்.

புரட்டாசி மாதம் எனக்கு வசதியாகப் போயிற்று. பெருமாளுக்கு விரதம் என்றால் யார் கேட்கப்போகிறார்கள்? ஆனால் பருப்பும் தயிரும் வேண்டாம் என்றபோது மகனுக்குச் சந்தேகம் வந்தது.

"பருப்பு தின்னா பெருமாள் கோவிச்சுக்குவாராமா?"

"அது எனக்கும் அவருக்கும் உள்ளது. நீ உன் வேலயப் பாரு."

சோறும் ரசமும் முட்டைக்கோசும் தின்று கிடந்தேன். பைப்படியில் கண்ணை இருட்டிக்கொண்டு வந்தது. துவைக்கிற கல்லைப் பிடித்துக்கொண்டு நின்றேன், யாரையும் கூப்பிடவில்லை. சோதனைத் தாள் வரட்டும், அதுவரைக்கும் தாங்கு என்று காலிடம் சொன்னேன்.

தாள் வந்த அன்று மகனோடு போனேன். என் எடையைப் பார்த்ததும் டாக்டர் நிமிர்ந்தாள்.

"ஏன் பாட்டி இப்படி எளச்சிட்டீங்க? சாப்புடறதில்லையா?"

"எங்க வீட்டுக்காரருக்குக் கிட்னி கெட்டப்ப கொறச்ச மாதிரி புரதத்த நிறுத்திட்டேன். இப்ப பாருங்க, கொறஞ்சிருக்கும்."

மகன் என்னைத் திரும்பிப் பார்த்தான். டாக்டர் பேனாவைக் கீழே வைத்தாள்.

"நாங்க பாக்குறது கட்டி தானா உண்டாக்குற புரதம். நீங்க திங்கிற முட்டை இல்ல. வெட்டி எடுத்த துண்டு அன்னிக்கே சோதனைக்குப் போயிருச்சு. அதுக்கப்புறம் நீங்க பட்டினி கெடந்தா அது மாறுமா? தாத்தாவுக்கு வந்தது கிட்னி, அது வேற."

மகன் முன்னால் எனக்கு முகம் சுட்டது. ஆனாலும் கேட்டேன்.

"சரி. அந்தத் துண்டு என்ன சொல்லுது?"

"கூடுதலாத்தான் இருக்கு."

டாக்டர் தாளை என் பக்கம் திருப்பி வைத்தாள். பிறகு சொன்னாள்.

"இன்னும் எத்தன நாளுன்னு சொல்ற சோதன இல்ல பாட்டி இது. கவனமா இருன்னு சொல்லுது. இத மட்டும் வெச்சு முடிவு எடுக்க மாட்டோம். பைக்குள்ள மருந்து விட்டு, அடிக்கடி கேமரா போட்டுப் பார்க்கலாம். இல்ல, பையை எடுத்துரலாம். ஆனா இந்த ஒடம்ப வெச்சுக்கிட்டு உங்கள ஆபரேஷனுக்கு அனுப்ப எனக்குப் பயமா இருக்கு."

பையைக் காப்பாற்றப் பட்டினி கிடந்தேன். எடுக்க வேண்டும் என்றாலும் தாங்காதபடி உடம்பை ஆக்கி வைத்திருந்தேன்.

வீட்டுக்கு வந்தால் ஆளுக்கொரு பேச்சு. உடனே எடுத்துவிடுவோம் என்கிறான் மகன். அம்மா மேல் கத்தி வைக்க விடாதே என்று பெரியவள் போனில் அழுகிறாள். நான் மருமகளிடம் இரண்டு முட்டை அவிக்கச் சொன்னேன். புரட்டாசி முடியவில்லைதான், பெருமாளிடம் நான் சொல்லிக்கொள்கிறேன். தின்றுவிட்டு எழுத உட்கார்ந்தேன்.

முதலில் மருந்து விடட்டும். கேமராவுக்கு ஒரு தடவைகூடத் தவற மாட்டேன். திரும்பி வந்தால் பையை எடுத்துவிடுங்கள், வயிற்றில் பை ஒட்டிக்கொண்டு நடக்க எனக்கு வெட்கம் இல்லை. நான் பேச முடியாமல் படுத்திருந்தாலும் இதை யாரும் மாற்றக்கூடாது.

மகனுடைய மகள் பக்கத்தில்தான் இருக்கிறாள். இந்தா ஆயி, நான் எழுதியதை வாசி. 'எடுத்துவிடுங்கள்' சரியாக விழுந்திருக்கிறதா பார். சத்தமாக வாசி, உன் அப்பா கூடத்தில்தான் இருக்கிறான்.