இரும்பு போடாமல் ஓடிய இயந்திரம்

ஜேர்மனியின் பீலெஃபெல்ட் நகரில் நான் வேலை செய்யும் நிறுவனம் இரும்புத் தண்டுகளைக் கடையும் பெரிய இயந்திரங்களைச் செய்து விற்கிறது. விற்ற இயந்திரங்களை இங்கிருந்தபடியே கணினியில் கவனிப்பது என் வேலை. எந்த ஊரில் எது ஓடுகிறது, எது சூடாகிறது என்று திரையில் ஒரு நீண்ட பட்டியல் வரும். ஓடினால் பச்சை. நின்றால் சாம்பல்.

அந்த இலையுதிர்காலத்தில் சாம்பல்தான் அதிகம். அமெரிக்கா இறக்குமதி வரியைக் கூட்டிய பிறகு அங்கிருந்து புதிய ஓடர் எதுவும் வரவில்லை. எங்கள் தளத்தில் பெரும்பாலானோரைக் குர்ட்ஸ்ஆர்பைட்டில் போட்டிருந்தார்கள். வேலை நாட்களைக் குறைத்துவிட்டு, இழந்த சம்பளத்தில் ஒரு பங்கை அரசு கொடுக்கும் ஏற்பாடு அது. முழுநேரமும் வந்துகொண்டிருந்தது நானும், கோயம்புத்தூரிலிருந்து வந்த ஒரு பெண் பொறியாளரும் மட்டும். ஆள் அசையாவிட்டால் எங்கள் தளத்து விளக்குகள் தாமாக அணைந்துவிடும். மழை மூடிய மத்தியானங்களில் இருவரும் அவ்வப்போது கையைத் தூக்கி ஆட்டிக்கொண்டே வேலை செய்தோம்.

அமெரிக்காவில் தேர்தல் காலம். பொருளாதாரம் எழுந்துவிட்டது என்றார்கள் ஆட்சியில் இருந்தவர்கள். எங்கே எழுந்தது என்று கேட்டார்கள் மற்றவர்கள். என் பட்டியலில் அமெரிக்க வரிசை காய்ச்சல் முழுதாக விடாத ஆளைப்போல இருந்தது. ஒரு கிழமை இரண்டு பச்சை கூடும். அடுத்த கிழமை மூன்று குறையும்.

"அண்ணா, இத பாருங்க. இந்த மெஷின் திடீர்னு ஆன் ஆயிருக்கு," என்றார் பொறியாளர் ஒரு மத்தியானம்.

அவர் காட்டியது அமெரிக்காவின் ஒகாயோவில் எட்டு மாதங்களுக்கு முன் மூடப்பட்ட தொழிற்சாலை ஒன்றின் இயந்திரம். அங்கே அதை இயக்கிய மனிதரை எனக்கு ஒன்பது வருடமாகத் தெரியும். குரல் மட்டும்தான், முகம் பார்த்ததில்லை. மூடிய அன்று அவர்தான் என்னை அழைத்து, "அணைத்துவிட்டேன்" என்று சொன்னார்.

இப்போது அது பச்சை. முழு வேகத்தில் சுற்றியது. ஆனால் மின்சாரம் மிகக் குறைவாகவே இழுத்தது. கடைந்த தண்டுகளின் கணக்கு பூச்சியத்திலேயே நின்றது.

"உள்ள மெட்டீரியலே இல்லையா அண்ணா?"

"ஓம், ஒண்டும் இல்லை. சும்மா சுத்துது."

ஒகாயோக்காரரின் எண்ணுக்கு அழைத்தேன். உடனே எடுத்தார். குரலைத் தாழ்த்திப் பேசினார். வேட்பாளர் ஒருவர் பேச வருகிறாராம். பழைய தொழிலாளர்களை ஒருநாளைக்குக் கூப்பிட்டிருக்கிறார்களாம். படத்துக்கு நன்றாக நின்றவர்களை, தொழிற்சாலை திறக்கும்போது திரும்ப வேலைக்கு எடுப்பதாகச் சொல்லியிருக்கிறார்களாம்.

"எட்டு மாதமாக எண்ணெய் ஓடவில்லை. பேரிங் காய்ந்திருக்கும்," என்றேன்.

"தெரியும். தொலைவிலிருந்து பார்த்து இயக்கும் அனுமதியை நான்தான் திறந்துவிட்டேன். நீ பார்த்துக்கொள். ஆனால் அவர் பேசும்போது அது நிற்கக் கூடாது. தயவுசெய்து." தொலைபேசிகளை வாங்கி வைக்கிறார்கள் என்று சொல்லி வைத்துவிட்டார்.

பொறியாளர் தன் கைத்தொலைபேசியில் அந்தக் கூட்டத்தின் நேரலையைத் தேடி எடுத்தார். வேட்பாளர் எங்கள் இயந்திரத்துக்கு முன்னால் நின்று, வேலைகள் திரும்பி வந்துவிட்டன என்று பேசிக்கொண்டிருந்தார். பின்னால் பத்துப் பன்னிரண்டு பேர், எல்லோர் தலையிலும் கீறல் விழாத புதுப் பாதுகாப்புத் தொப்பி. கைகளை இயந்திரங்கள்மேல் வைத்தபடி, படத்துக்கு நிற்பவர்களைப்போல அசையாமல் நின்றார்கள். அவர்களில் என்னோடு பேசியவர் யார் என்று எனக்குத் தெரியவில்லை.

என் திரையில், சுழல்தண்டைத் தாங்கும் பேரிங்கின் சூடு ஏறத் தொடங்கியது. மஞ்சள் எல்லையைத் தாண்டியது. இப்படியே விட்டால் சுழல்தண்டு இறுகி உடையும். பக்கத்தில் நிற்பவர்களுக்கும் ஆபத்து. விதிப்படி நான் உடனே நிறுத்த வேண்டும்.

"நிறுத்திடுங்க அண்ணா."

"கொஞ்சம் பொறுங்கோ."

வேகத்தைப் பாதியாகக் குறைத்தேன். பிறகு இன்னும் பாதி. என் எண்கள் உடனே இறங்கின. நேரலையில் எதுவும் மாறவில்லை. அது அரை நிமிடம் பிந்தி வருகிறது என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. வேட்பாளர் புன்னகைத்தார், கைதட்டலுக்காக நிறுத்தினார், மறுபடி தொடங்கினார். இனி என்ன கேட்கப்போகிறது என்று எங்கள் இருவருக்கும் தெரியும்; திரையில் இருந்த ஒருவருக்கும் தெரியாது. நாங்கள் அசையாமல் நேரலையையே பார்த்துக்கொண்டிருந்தோம். தலைக்குமேல் விளக்குகள் அணைந்தன. கை தூக்க இருவருக்கும் தோன்றவில்லை.

பிறகு அந்த இரைச்சல் இறங்கியது. நீண்ட பெருமூச்சுப்போலக் கீழே கீழே போனது. வேட்பாளர் பாதிச் சொல்லில் நின்று திரும்பிப் பார்த்தார். பின்னால் நின்ற எல்லோரும் இயந்திரத்தைப் பார்த்தார்கள். ஒருவர் மட்டும், நரைத்த தாடிக்காரர், திரும்பவில்லை. அவர் கமராவை நேராகப் பார்த்தார்.

"அவர் உங்களத்தான் பாக்குறார்," என்று மெல்லச் சொன்னார் பொறியாளர்.

அந்த முகத்தை அன்றுதான் முதல்முறை கண்டேன்.

பேச்சு முடிந்து சிறிது நேரத்தில் என் பட்டியலில் அந்த இயந்திரம் சாம்பலானது. மாலையில் ஒகாயோக்காரர் அழைத்தார். "நீதானே?" என்றார். நான்தான் என்றேன். நன்றி சொன்னார். வாசலில் தொப்பிகளைத் திரும்ப வாங்கிக்கொண்டார்களாம். ஏன் முழுதாக நிறுத்தவில்லை என்று மறுநாள் என் மேலாளர் கேட்டார். ஓர் ஆள் கேட்டுக்கொண்டார் என்றேன். எச்சரிக்கைக் கடிதம் என் கோப்பில் ஏறியது.

வேட்பாளர் வென்றார். தொழிற்சாலை திறக்கவில்லை. வசந்தத்தில் அந்த இயந்திரத்தைப் பட்டியலிலிருந்து நீக்கச் சொன்னார்கள், நீக்கினேன். ஆனாலும், அமெரிக்கப் பொருளாதாரம் மீள்கிறது என்று இங்கே செய்தி வாசிக்கும்போதெல்லாம் அந்தக் கூட்டத்தின் காட்சியைத்தான் போடுகிறார்கள். இரைச்சல் இறங்குவதற்குச் சற்று முன் வெட்டிவிடுகிறார்கள்.

ஒகாயோக்காரர் இப்போது ஒரு கிடங்கில் பெட்டி அடுக்குகிறார். போன மாதம் பேசியபோது, செய்தியில் அந்தக் காட்சி வருவதைச் சொன்னேன்.

"அதில் நான் தெரிகிறேனா?" என்று கேட்டார்.

"தெரிகிறீர்கள்," என்றேன். "வேலை செய்துகொண்டு நிற்கிறீர்கள்."