கன்னியம்மா எழுதாத வரி

மாடி வீட்டுப் பெண் நேற்று ஒரு தாளோடு வந்தாள். மகளுக்குப் பள்ளியில் கொடுத்ததாம். யானையை முதலை பிடித்த கதை, அடியில் 'நீதி' என்று போட்டு ஒரு கோடு. "நீங்க அந்தக் காலத்துல சாமி பாடம் எடுத்தவராச்சே தாத்தா, ஒரு வரி சொல்லுங்க, எழுதிட்டுப் போறேன்" என்றாள். எங்கிருந்துதான் அவ்வளவு கோபம் வந்ததோ! "நீதியும் இல்ல, ஒரு மண்ணும் இல்ல, போம்மா" என்று கத்திவிட்டேன். பாவம், மிரண்டுபோய்ப் படியேறினாள். ரத்தக் கொதிப்புக்கு மாத்திரை விழுங்குகிறவன் இப்படிக் கத்தக் கூடாதுதான். உங்களிடம் சொன்னாலாவது ஆறுகிறதா பார்க்கிறேன்.

ஐம்பதுகளில் செங்கல்பட்டில் ஒரு தர்ம ஸ்தாபனம் ஆசிரியர் பயிற்சிப் பள்ளி நடத்தியது. சமயப் பாடம் நடத்துவது எப்படி என்று புது ஆசிரியர்களுக்குச் சொல்லிக் கொடுப்பது என் வேலை. வயது இருபத்தைந்துகூட இருக்காது; குரலை மட்டும் எழுபது வயதுக்காரர் போலக் கனமாக வைத்துக்கொள்வேன். என்னிடம் ஒரு சட்டம் இருந்தது. எந்தக் கதை சொன்னாலும் முடிவில் நீதியை ஒரே வரியாகக் கரும்பலகையில் எழுத வேண்டும், பிள்ளைகள் அதை மூன்று முறை உரக்கச் சொல்ல வேண்டும். எழுதாவிட்டால் பாடம் முடியவில்லை என்று அர்த்தம். ஏதோ பழைய கையேட்டில் படித்ததை வேதவாக்காகப் பிடித்துக்கொண்டிருந்தேன்.

சாக்பீஸ் வாசனை வந்தாலே எனக்குக் கன்னியம்மா ஞாபகம்தான். புடவை முந்தானை எப்போதும் வெள்ளைத் தூளாக இருக்கும். புதுப்பட்டினத்து மீனவர் வீட்டுப் பெண், அந்தக் குப்பத்திலிருந்து பயிற்சிக்கு வந்த முதல் ஆள். வகுப்பில் எழுந்து நின்று கேட்டாள்:

"கத சொல்லும்போதே புள்ளைங்களுக்குப் புரிஞ்சிடுது சார். அப்பால இன்னாத்துக்கு மூணு தபா கத்தணும்?"

"கத்தினாத்தான் மார்க்கு" என்றேன். எல்லோரும் சிரித்தார்கள். பெரிய சாமர்த்தியமாகப் பேசிவிட்டதாக எனக்கும் நினைப்பு.

செயல்முறைத் தேர்வு மாமல்லபுரத்துக்குத் தெற்கே கடலோரப் பள்ளி ஒன்றில் நடந்தது. வெளியே கருவாடு காய்ந்துகொண்டிருந்தது. தேர்வாளர் மூக்கில் கைக்குட்டையைப் பிடித்தபடியே உட்கார்ந்திருந்தார். அந்தப் பிள்ளைகள் பிறந்ததிலிருந்து சுவாசிக்கிற காற்றை இவரால் முக்கால் மணி நேரம் சுவாசிக்க முடியவில்லை! ஆனால் அவர்களுக்கு என்ன சொல்லித் தர வேண்டும் என்பது மட்டும் அவருக்கு அத்துப்படி.

கன்னியம்மாவுக்கு வந்தது இதே யானைக் கதை. பிரமாதமாகச் சொன்னாள். "முதலைக்கும் பசிக்குமில்ல டீச்சர்?" என்று ஒரு வாண்டு கேட்க, நானே சிரித்துவிட்டேன். யானை கதறியது, கடவுள் வந்தார், காலை விடுவித்தார். அவள் சாக்பீஸை எடுத்து 'நீதி' என்று எழுதினாள். அப்போது மூன்றாவது வரிசையில் ஒரு சிறுமி எழுந்தாள்.

"எங்க நைனாவும் கூப்டுகினே இருந்திச்சாம் டீச்சர். கூடப் போன மாமா சொல்லிச்சி. சாமி ஏன் வர்ல?"

அந்த வருஷத்து மழையில் ஒரு கட்டுமரம் கவிழ்ந்தது பள்ளிக்கே தெரியும். அடுத்து எழுத வேண்டிய வரி எனக்குத் தெரியும், பாடக்குறிப்பில் திருத்திக் கொடுத்தவனே நான்தான்: 'மனமுருகிக் கூப்பிட்டால் கடவுள் கைவிடமாட்டார்.'

கன்னியம்மா சாக்பீஸை மேஜைமேல் வைத்தாள். போய் அந்தச் சிறுமியின் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தாள். "எனக்குத் தெர்ல கண்ணு" என்றாள். பிறகு, "உங்க நைனா பேரு இன்னா?" என்று கேட்டாள். சிறுமி சொன்னாள். மற்ற பிள்ளைகளும் அந்த மனிதரைப் பற்றி ஒவ்வொன்றாகச் சொல்ல ஆரம்பித்தார்கள். அவருக்கு விசிலடிக்கத் தெரியும் என்றது ஒன்று. மணி அடிக்கும்வரை அதுதான் பாடம்.

தேர்வாளர் கொதித்தார். "நீதி எழுதல. சாமி பாடம் எடுக்கற டீச்சரே தெரியாதுங்கறா. நீங்க என்ன சொல்றீங்க?"

பயிற்சி கொடுத்த நான் ஒரு வார்த்தை பரிந்து பேசினால் இன்னொரு பாடம் நடத்தச் சொல்வார்கள், அது வழக்கம். கன்னியம்மா வாசலிலேயே நின்று என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"விதிப்படி செய்யுங்க சார்" என்றேன். இதைச் சொன்ன நாக்கைத்தான் இன்றும் வாயில் வைத்துக்கொண்டிருக்கிறேன்.

பஸ்ஸுக்கு நடக்கும்போது அவள் கேட்டாள்: "நீங்களா இருந்தா அந்தப் பொண்ணு எதுர்ல அத்த எழுதியிருப்பீங்களா சார்?" நான் குடையை விரிப்பதில் மும்முரமாக இருந்தேன்.

சான்றிதழ் இல்லை, வேலையும் இல்லை. மறுவருஷம் திருக்கழுக்குன்றம் சந்தையில் மீன் விற்கிறாள் என்று கேள்விப்பட்டேன். அப்படி ஒரு ஆசிரியையை நான் அதற்குப் பிறகு பார்க்கவே இல்லை. அநியாயம் என்று யாரைத் திட்டுவது? கைக்குட்டைக்காரரையா, என்னையா?

இப்போது அந்தப் பயிற்சிப் பள்ளி இல்லை. கடலோரப் பள்ளி இருந்த இடத்தில் விடுதி கட்டிவிட்டார்கள். சாமி பாடத்துக்கென்று இருந்த பாடவேளை அட்டவணையிலிருந்தே போய்விட்டது. என் சட்டம் எல்லாவற்றுக்கும் முன்னால் போயிற்று. நாலைந்து வருஷத்தில் வந்த புது மதிப்பெண் தாளில் நீதி எழுதினார்களா என்று பார்க்கிற கட்டமே இல்லை. ஏன் எடுத்தார்கள் என்று ஒருவரும் கேட்கவில்லை. அடுத்து வந்த ஆசிரியர்களிடம் நான் சொன்னேன்: "நீதியை எழுதாதீங்க. பிள்ளை கேள்வி கேட்டா, பக்கத்துல போய் உட்காருங்க." எல்லோரும் நோட்டில் குறித்துக்கொண்டார்கள். அருமையான முறை என்று என்னை மேடையேற்றிப் பாராட்டினார்கள். யாரிடம் கற்றேன் என்று அந்த மேடையில் நான் சொல்லவில்லை. ஓய்வு பெற்ற நாள்வரை சொல்லவில்லை.