ஆறு பேர் இருந்த கணக்கு

பொன்னுத்தங்கம் அக்காவுக்கு முப்பத்தேழு வயது. வெம்பக்கோட்டைக்காரர். பதினெட்டு வருடமாகப் பட்டாசுக் கம்பெனியில் சரவெடி பின்னுகிறார். பத்தாவதில் கணக்கில் மட்டும் தவறியவர். சிவகாசியில் ஓர் அச்சகத்தில் பேக்கிங் பிரிவைப் பார்த்துக்கொள்ளக் கூப்பிட்டார்கள். பத்தாவது தேறியிருக்க வேண்டும் என்றார்கள். தேறினால் தீபாவளி சீசனுக்கு முன் கம்பெனியிலிருந்து வெளியே வந்துவிடலாம். அதற்காகத்தான் மகள் ஸ்ரீமதியின் போனில் எங்கள் ஆன்லைன் வகுப்பில் சேர்ந்தார்.

அந்த வகுப்புக்குப் பாடம் எழுதுகிறவன் நான். எம். புதுப்பட்டியில் எங்கள் குடும்பத்தின் முதல் பட்டதாரி. பழைய பாடங்களில் ரயில்கள் ஒன்றையொன்று கடந்துகொண்டே இருந்தன. பெண்கள் பாதியிலேயே வீடியோவை மூடிவிட்டுப் போனார்கள். ரயிலைத் தூக்கிவிட்டு வத்தல் மூட்டை, தீப்பெட்டி, லாரி லோடு என்று எழுதினேன். கடைசி வரை பார்த்தார்கள். "நம்ம ஊர்க்காரன் எழுதுனா இப்படித்தான்ய்யா இருக்கும்" என்று மேலாளர் கோட்டைச்சாமி எல்லார் முன்னாலும் சொன்னார். அன்று எனக்குச் சாப்பாடே தேவைப்படவில்லை.

கோட்டைச்சாமிக்கு மிகவும் பிடித்த கேள்வி இது: 'பட்டாசு ஆலையின் ஓர் அறையில் ஆறு பேர் அமர்ந்து நாளொன்றுக்கு 30 பெட்டி முடிக்கிறார்கள். 120 பெட்டி ஆர்டருக்கு எத்தனை நாள்?'

விடை நான்கு. மாதிரித் தேர்வில் பொன்னுத்தங்கம் ஆறு என்று போட்டிருந்தார். ஐந்து மதிப்பெண் போயிற்று. மொத்தம் முப்பத்தொன்று. முப்பத்தைந்து எடுத்தவர்களின் பெயரைத்தான் தனித்தேர்வுக்கு அனுப்புவோம்.

அன்றே எனக்கு எழுதியிருந்தார்: 'சார், சட்டப்படி ரூமுக்கு நாலு பேர்தான் இருக்கலாம். நாலு பேருக்குப் போட்டேன்.'

'கேள்வியைக் கவனமாகப் படிக்கவும்' என்று பதில் அனுப்பினேன்.

பட்டியல் போய் இரண்டு வாரம் கழித்து, வீட்டில் சாப்பிடும்போது இதை வேடிக்கையாகச் சொன்னேன். அம்மா சிரிக்கவில்லை.

"அவ சொன்னதுல என்னலே தப்பு? நாலு பேர்தான் கணக்கு. சோதனைக்கு ஆபீசர் வந்தா, ரூமுல கூடுதலா வேல பாத்த என்னையும் முத்துமாரியையும் உடமுள்ளுக் காட்டுக்குள்ள வெரட்டுவாக. முள்ளு குத்தி வந்து நிப்பேன், நீதான எடுத்துவிடுவ?"

நான்தான் எடுத்துவிடுவேன். ஆறு என்று எழுதியபோது எனக்கு அது உறுத்தவே இல்லை; நான் பார்த்த அறைகளில் எப்போதும் ஆறு பேர் இருந்தார்கள். முப்பது ஆறால் மிச்சமில்லாமல் வகுபட்டது. அதில் சந்தோஷப்பட்டிருந்தேன்.

ஞாயிற்றுக்கிழமை வெம்பக்கோட்டைக்குப் போனேன். அவர் வாசலில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தார்.

"வாங்க சார், சாப்பிட்டீகளா?"

"தப்பு என்னுதுக்கா. உங்க விடைதான் சரி. ஆளுக்கு அஞ்சு பெட்டி, நாலு பேருக்கு இருபது, ஆறு நாள்."

"அப்ப இவுகளுக்கும் தெரியுது!" என்றாள் ஸ்ரீமதி உள்ளேயிருந்து. "எம்மா, வாத்தியாருக்கு அஞ்சு மார்க்கு போடு."

"சும்மா கெடடி." அவர் என்னைப் பார்த்தார். "அப்ப எம் பேரையும் பரீட்சைக்கு அனுப்பிருவீகளா சார்?"

தேதி முடிந்துவிட்டது என்று சொன்னேன். கோட்டைச்சாமியிடம் கெஞ்சியதையும் சொன்னேன். அடுத்த தேர்வு தீபாவளி கழிந்துதான்.

அவர் ஈரத் துணியைப் பிழிந்தார். பிழிந்ததையே மறுபடி பிழிந்தார்.

"நீங்க எந்த ஊரு சார்?"

"புதுப்பட்டி."

"அம்மா?"

"கம்பெனிலதான் இருந்தாங்க."

அதற்குமேல் அவர் கேட்கவில்லை. கேட்டிருந்தால் தேவலை.

"அந்தக் கேள்வி இன்னும் அப்படியேவா இருக்கு?"

இருந்தது. இருநூற்றுப் பன்னிரண்டு பேர் நான்கு என்று போட்டு முழு மதிப்பெண் வாங்கியிருந்தார்கள். அங்கேயே நின்று போனில் ஆறை நாலாக்கினேன், முப்பதை இருபதாக்கினேன். விடை ஆறு நாள். அவரிடம் நீட்டினேன். நிதானமாகப் படித்தார்.

"இப்பச் சரி" என்றார்.

மறுநாள் காலை கம்பெனி வேனில் வேலைக்குப் போனார். சீசன் தொடங்கிவிட்டது. அவர் அறையில் அன்று ஆறு பேர் என்று ஸ்ரீமதி எனக்கு எழுதியிருந்தாள். கூடவே, 'எங்கம்மா இதுலருந்து வெளிய வர எத்தனை நாள் சார்?'