ராணி பாடிய நாள்

என் ஒன்பதாவது பிறந்தநாளுக்கு மாமா ஒரு ஜோடி ஃபின்ச் குருவிகள் வாங்கித் தந்தார். மாமா என்றால் அம்மாவின் தம்பி. சிங்கப்பூரில், தெம்பனிஸில் எங்களோடு ஒரே வீட்டில் இருந்தவர். பழுப்பும் வெள்ளையுமான அந்தக் குருவிகளில் ஆணும் பெண்ணும் பார்க்க ஒரே மாதிரி இருக்கும். எது எது என்று கேட்டதற்குக் கடைக்காரர், "பாடுறது ஆம்பள" என்று மட்டும் சொன்னாராம். மாமா இரண்டு நாள் கூண்டுக்கு முன்னால் உட்கார்ந்து பார்த்துவிட்டுத் தீர்ப்புச் சொன்னார். மார்பைப் புடைத்துக்கொண்டு குதித்துக் குதித்துப் பாடியது ராஜா. மூலையில் வாயைத் திறக்காமல் உட்கார்ந்திருந்தது ராணி.

நான்கு மாதமாகியும் ராணி முட்டை போடவில்லை. தேங்காய் நார் வைத்தேன், கோழிமுட்டை ஓட்டைப் பொடித்து வைத்தேன், பிள்ளையாரிடமும் தனியாகப் பேசிப் பார்த்தேன். வகுப்பில் இரண்டு தோழிகளுக்குக் குஞ்சு தருவதாக வேறு வாக்குக் கொடுத்திருந்தேன். தினை உமியைக் கூட்டிக் கூட்டி அலுத்துப்போன அம்மா, ஜூன் விடுமுறை முடிவதற்குள் முட்டை வராவிட்டால் கூண்டோடு யாருக்காவது கொடுத்துவிடப்போவதாகச் சொல்லிவிட்டார். அம்மா சொன்னால் சொன்னதுதான்.

அம்மாவுக்கு அதைவிடப் பெரிய கவலை ஒன்று இருந்தது. மாமாவுக்குப் பெண் பார்த்துக்கொண்டிருந்தார்கள். விமான எஞ்சின் பழுது பார்க்கும் மாமாவுக்கு வேலையிலோ முகத்திலோ குறை கிடையாது, பேச்சுதான் வராது. மூன்று வீடுகளில் கேசரியைச் சாப்பிட்டார், கேட்டதற்கெல்லாம் தலையாட்டினார், வந்துவிட்டார். மூன்று பெண்களும் வேண்டாம் என்றார்கள். அடுத்ததும் தட்டிப்போனால் இனித் தன்னை எங்கேயும் கூப்பிடக் கூடாது என்று அம்மாவிடம் சொல்லியிருந்தார்.

நான்காவது வீடு காத்தோங்கில். அந்தப் பெண் ஃபின்ச் வளர்க்கிறார் என்று அப்பா பேச்சுவாக்கில் சொன்னதுதான் தாமதம், ராணியை அவரிடம் காட்டியே ஆகவேண்டும் என்று பிடிவாதம் பிடித்தேன். பெண் பார்க்கப் போகிற இடத்துக்குக் குருவிக் கூண்டா என்று அம்மா தலையில் அடித்துக்கொண்டார். "இருக்கட்டும்க்கா" என்றார் மாமா. அன்று காலையிலிருந்து அவர் பேசிய ஒரே சொல் அது.

பூ, பழத்தட்டு, கூண்டு சகிதம் போய் இறங்கினோம். வணக்கம் சொல்ல வந்த அந்த அக்கா, பாதியிலேயே கூண்டுக்கு முன்னால் குனிந்துவிட்டார். ராணியின் மேல் எனக்கிருந்த புகாரையெல்லாம் சொல்லி முடித்தேன்.

"இது ராணின்னு யாரு சொன்னா?"

நான் மாமாவைக் கைகாட்டினேன். மாமா தன் கால் விரல்களைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"பாடாததெல்லாம் பொண்ணு இல்ல லா" என்று அக்கா சிரித்தார். "அந்த இன்னொண்ணு இத வாயத் தொறக்க விடல போல. தனியா வச்சுப் பாத்தா தெரிஞ்சிடும்."

ராணியை ஒரு சின்னக் கூண்டுக்கு மாற்றிச் சமையலறைக்குக் கொண்டுபோகச் சொன்னார். கால் மணி நேரம் ராஜா அதன் கண்ணில் படக் கூடாது. பிறகு தன் பெட்டைக் குருவி ஒன்றை எதிரில் வைப்பாராம். ஆணாக இருந்தால் பாடிவிடுமாம். மாமா கூண்டைத் தூக்கிக்கொண்டு போனார். அக்கா டீ போடப் போனார். பெரியவர்கள் கூடத்தில் மழையைப் பற்றிப் பேச ஆரம்பித்தார்கள்.

எனக்குப் பொறுக்கவில்லை. எழுந்துபோய் எட்டிப் பார்த்தால், மாமா பேசிக்கொண்டிருந்தார். விமான இறக்கையைப் பற்றி, சின்ன வயதில் பறந்துபோன கிளியைப் பற்றி, நிறுத்தாமல் பேசிக்கொண்டிருந்தார். அடுப்பில் கேத்தல் விசிலடித்துக்கொண்டே இருந்தது. இருவருக்கும் அணைக்கத் தோன்றவில்லை, நான்தான் அணைத்தேன். அக்கா பால் எடுக்கத் திரும்பியதும் மாமா ஏதோ ஒரு பழைய பாட்டை முணுமுணுக்க ஆரம்பித்தார்.

"மாமா, பாடாதீங்க! குருவி கன்ஃபியூஸ் ஆயிடும்!"

கூடத்தில் மழைப் பேச்சு சட்டென்று நின்றது. அக்கா பால் பாக்கெட்டால் முகத்தை மறைத்துக்கொண்டார்.

பெட்டைக் குருவி வந்தது. ராணி இறகை உப்பிக்கொண்டு, ஒருமுறை குனிந்து நிமிர்ந்து, இப்படியும் அப்படியும் குதித்து, நான்கு மாதப் பாட்டையும் சேர்த்துப் பாடித் தீர்த்தது. எல்லோரும் கைதட்டினார்கள். நான் மட்டும் ஓவென்று அழுதேன். இரண்டும் ஆண் என்றால் முட்டைக்கு எங்கே போவது? அக்கா என் கண்ணைத் துடைத்துவிட்டு, அந்தப் பெட்டையையே ராணியின் கூண்டில் விட்டு என்னிடம் கொடுத்தார்.

"அடுத்த சனிக்கிழம நானே வந்து எப்படி இருக்குன்னு பாக்குறேன். சரியா?" என்று என்னைக் கேட்டார்.

"சரி" என்று மாமா பதில் சொன்னார்.

திரும்பும்போது டாக்சியில் மாமா முன்னால் உட்கார்ந்து, நான் நிறுத்திய இடத்திலிருந்து பாட்டைத் தொடர்ந்தார். எனக்கு எரிச்சலாக இருந்தது. பக்கத்தில் அம்மா ஜன்னல் பக்கம் திரும்பி முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார். குருவிகளை விரட்டப் பார்த்தவருக்கு இவ்வளவு பாசமா என்று எனக்கே மனசு கரைந்துவிட்டது. அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டேன்.

"அழாதீங்கம்மா. இந்தத் தடவ கண்டிப்பா முட்ட போடும்."

அப்பா சிரித்த சிரிப்பில் டாக்சிக்காரரே திரும்பிப் பார்த்தார். நான் சொன்னதில் சிரிக்க என்ன இருக்கிறது என்று வீடு வந்து சேரும்வரை யாரும் எனக்குச் சொல்லவில்லை.