நீலக்கல் தட்டிக்கொண்டு போன பேர்

திண்டிவனத்துக்கு மேற்கே, ஆடுகூட மேயாது என்று ஊரே கைவிட்ட பாறைக்காட்டில் ஜல்லி கிரஷர் போட்டவன் நான். அந்த வருமானத்தில் டிப்பர் லாரிகள் வாங்கினேன். விழுப்புரத்தில் கீழே கடைகளும் மேலே வீடுமாக ஒரு கட்டடம் எழுப்பினேன். இரண்டு பெண்களைப் படிக்க வைத்துக் கட்டிக் கொடுத்தேன். நான் படித்தது ஐந்தாம் வகுப்பு. பேங்கில் படிவம் நிரப்பத் தெரியாது என்று வாசலிலேயே நிற்க வைத்தார்கள். பெண் கேட்டுப் போனபோது, "கல்லு ஒடைக்கிறவனுக்கா?" என்று என் மாமனாரே கேட்டார். அவருடைய சின்ன மகளுக்குக் கவர்மெண்ட் உத்தியோகத்தில் மாப்பிள்ளை கிடைத்தபோது அவர் முகத்தில் வந்த பூரிப்பு இன்னும் எனக்கு மறக்கவில்லை.

அந்த உத்தியோக மாப்பிள்ளைதான் என் சகலை. ஆயுள் முழுக்க மற்றவர்கள் எழுதியதற்குக் கீழே கையெழுத்துப் போட்டே ரிட்டையர் ஆனவர். போன வருஷம், ஆபீஸில் கூட வேலை பார்த்தவர்களோடு கும்பலாகப் பாங்காக் போனார். அங்கே பஸ்ஸிலிருந்து இறக்கி, கூல்டிரிங்ஸ் கொடுத்து, பூமிக்கடியில் கல் எடுப்பதைப் படம் போட்டுக் காட்டினார்களாம். வெளியே போகிற வழி நகைக்கடைக்குள்தான் இருந்ததாம். உள்ளே ஒரு பெண் தமிழில் "வாங்க சார், உக்காருங்க சார்" என்றிருக்கிறாள். நம் ஆள் உட்கார்ந்துவிட்டார். எழுந்தபோது கையில் நீலக்கல் மோதிரம். அது அசல் என்பதற்குச் சர்டிபிகேட் வேறு. கொடுத்தது யார்? அதே கடை! விற்கிறவனே சாட்சியும் சொன்னால் அதை நம்புவதற்குப் பெரிய படிப்பு படித்திருக்க வேண்டும்.

நீலம் சனியின் கல், எல்லோருக்கும் ஒத்துக்கொள்ளாது என்பார்கள். அதனால் மூன்று நாள் தலையணைக்கு அடியில் வைத்துச் சோதிப்பார்கள். நல்லது நடந்தால் போட்டுக்கொள்ளலாம், கெட்டது நடந்தால் தூக்கிக் கொடுத்துவிட வேண்டும். ஆக, எது நடந்தாலும் கல் அசல்தான் என்று ஆகிவிடுகிறது. மூன்று நாளில் ஒன்றுமே நடக்காத வீடு எங்கே இருக்கிறது? பால் பொங்கி வழிந்தாலும் கல்லின் வேலை, பல் வலித்தாலும் கல்லின் வேலை. நகையை எடை போட்டு வாங்குகிற சனங்கள் கல்லை மட்டும் தூங்கி எழுந்து வாங்குகிறார்கள்.

சகலையும் தூங்கினார். அந்த மூன்றாவது நாள்தான் அவருடைய மகளுக்கு வரன் முடிவானது.

அது எப்படி முடிவானது என்பதைச் சொல்கிறேன். அந்தப் பெண்ணுக்கு முப்பது தாண்டிவிட்டது. ஒரு முறை நிச்சயம் வரை வந்து நின்றுபோனது. கண்டமங்கலத்துப் பக்கம் கரும்பு போடுகிற குடும்பம் ஒன்று எனக்குப் பழக்கம். அவர்கள் வீடு கட்ட ஜல்லி கொடுத்தவன் நான். பையன் பாண்டிச்சேரியில் கம்பெனி வேலைக்குப் போய் வருகிறான். இரண்டு மாதம் அந்த வீட்டுக்கு நடையாய் நடந்தேன். பழைய நிச்சயம் ஏன் நின்றது என்று அவர்கள் கேட்டபோது ஒளிக்காமல் சொன்னேன்: "அந்தப் பையன் குடிச்சிட்டு வந்து பொண்ணு ஆபீஸ் வாசல்ல கலாட்டா பண்ணான். நாங்கதான் வேணாம்னு நிறுத்தினோம்." பையனின் அம்மா யோசித்து, சம்மதம் என்று போன் செய்தது என் செல்லுக்குத்தான். நான்தான் சகலைக்குச் சொன்னேன்.

"பாத்தீங்களாண்ணா! மூணாவது நாளு! கல்லு பேசிடுச்சு!" என்று குதித்தார்.

"கல்லு பேசலப்பா. நான் பேசினேன்."

"நீங்க ரெண்டு மாசமா பேசிக்கினுதான் இருந்தீங்க. கல்லு வந்து மூணு நாள்ல முடிச்சிடுச்சு பாருங்க."

அன்று சாயங்காலமே சொந்தக்காரர்கள் மோதிரத்தைப் பார்க்க வரத் தொடங்கிவிட்டார்கள். கோயில் விளக்கைத் தொடுவதுபோல் தொட்டார்கள். என் வீட்டுக்காரியே கண்ணில் ஒற்றிக்கொண்டாள். நான் வாங்கிப் பார்த்தேன். தங்கம் காய்ச்சல்காரன் முகம் மாதிரி வெளுத்திருந்தது. சகலையைக் கேட்டதற்கு, "அது ஃபாரின் கலருண்ணா" என்றார்.

அத்தோடு விட்டிருந்தால் நானும் விட்டிருப்பேன். சகலை சம்பந்தியம்மாவுக்கே போன் போட்டு, "உங்க சம்பந்தத்தக் கொண்டாந்ததே இந்த நீலம்தாம்மா, அசல் பாங்காக் கல்லு, இதத்தான் மாப்பிள்ளைக்குப் போடப் போறோம்" என்று பீற்றிக்கொண்டார். அடுத்த நிமிஷம் அந்த அம்மா எனக்குப் போன் செய்தார்.

"இன்னாண்ணா இது? எங்க தம்பி நீலம் போட்டுக்கினு ஒரே வாரத்துல வண்டியில வுழுந்து கால ஒடைச்சிக்கினான். அது எங்க வூட்டு வாசப்படி ஏறக் கூடாதுண்ணா."

"வேற மோதிரம் போட்டுடறோம்மா."

"மோதிரம் மட்டுமா? சம்பந்தத்தையே அந்தக் கல்லுதான் கொண்டாந்துதுன்னு அவரே சொல்றாரு. சனி கூட்டியாந்த சம்பந்தம் எங்களுக்கு வேணாம்."

சகலையின் மகளும் அழுதுகொண்டே கூப்பிட்டாள். "பெரியப்பா, இன்னொரு தடவ நிச்சயப் பொடவைய மடிச்சி பீரோவுல வைக்க என்னால முடியாது. நீங்கதான் எதனா பண்ணணும்."

கல் அசலாக இருந்தால் கல்யாணம் நிற்கும். போலியாக இருந்தால் நடக்கும். சகலையின் படிப்பு அந்தப் பெண்ணைக் கொண்டுபோய் நிறுத்திய இடம் அது.

மோதிரத்தையும் சகலையையும் காரில் போட்டுக்கொண்டு விழுப்புரத்தில் எனக்குத் தெரிந்த நகைக்கடைக்குப் போனேன். தங்கத்தின் தரம் பார்க்கிற மெஷினில் வைத்தார்கள். பாதிக்குச் சற்று மேலேதான் தங்கம், மீதி கலப்பு. அதைப் பழைய நகை என்று கொடுத்தால்கூட நம் ஊரில் முகம் சுளிப்பார்கள். கல்லை லென்ஸில் பார்த்த கடைக்காரர் லென்ஸை என்னிடம் நீட்டினார். உள்ளே சோடா பாட்டில் மாதிரி குமிழி. இத்தனை வருஷம் பாறை உடைத்தவன், ஒரு பாறைக்குள்ளும் நான் குமிழி பார்த்ததில்லை.

"கண்ணாடிங்க. கல்லுக்கு நாங்க வெல போடறதே இல்ல. போட்டாலும் இதுக்கு ஒண்ணும் வராது" என்றார்.

"சர்டிபிகேட் இருக்கே?" என்றார் சகலை.

"ஃப்ரேம் போட்டு மாட்டிக்கங்க சார்."

ஆனால் கடைக்காரர் சொன்னதாக நான் போய்ச் சொன்னால், கல்யாணத்துக்காகப் பொய் சொல்கிறேன் என்றுதான் அந்த அம்மா நினைப்பார். அதனால் கிரஷர் பட்டறையிலிருந்து ஓர் இரும்பு அரம் எடுத்துக்கொண்டேன். நிஜமான நீலத்தை இரும்பு அரம் கீறாது, கண்ணாடியைக் கீறும். மறுநாள் சகலையைக் கூட்டிக்கொண்டு கண்டமங்கலம் போனேன். கூடத்தில் நாற்காலி போட்டார்கள். மோதிரத்தைப் பார்த்ததும் அந்த அம்மா சுவரோரம் ஒதுங்கி நின்றார். நான் அவர் கண் முன்னால் கல்லில் அரத்தை வைத்து ஓர் இழுப்பு இழுத்தேன். வெள்ளையாகக் கோடு விழுந்தது. இன்னொரு இழுப்பு. மாவு மாதிரி உதிர்ந்தது.

"நல்லா பாரும்மா. நீலமாயிருந்தா அரம்தான் தேயும்."

அவர் கிட்டே வந்து பார்த்தார். ஆனால் என்னிடம் கேட்கவில்லை, சகலையிடம் கேட்டார். "நீங்க சொல்லுங்க சம்பந்தி. அசல்னு போன்ல சொன்னது நீங்கதானே?"

சகலை என்னைப் பார்த்தார், கோடு விழுந்த கல்லைப் பார்த்தார். ஒரு சொல் சொன்னால் மகளுக்குக் கல்யாணம். அந்த ஒரு சொல் அவர் வாயிலிருந்து வர இவ்வளவு நேரமா? நான் அவர் முழங்காலில் ஓர் இடி இடித்தேன்.

"கண்ணாடிதாம்மா" என்றார். மூச்சு விட்டேன். அவர் நிறுத்தவில்லை. "எனக்கு வாங்கும்போதே தெரியும். அசல் நீலம் ஆபத்தாச்சே! மாப்பிள்ளைக்கு ஒண்ணும் ஆவக் கூடாதுன்னு பாத்துப் பாத்துதான் கண்ணாடியா எடுத்தேன்."

அந்த அம்மா கையெடுத்துக் கும்பிட்டார். "வெவரமான மனுஷன்! நான்தான் பயந்து பேஜாரு பண்ணிட்டேன். அப்ப கல்லு கொண்டாரல, சம்பந்தம் தானா வந்ததுதான். எல்லாம் சாமி செயல்." காபி முதலில் அவருக்குத்தான் போனது. அரத்தைக் கையில் வைத்துக்கொண்டு நான் உட்கார்ந்திருந்தேன்.

நிச்சயம் முடிந்தது. அந்தப் பெண் சந்தோஷமாக இருக்கிறாள், அதில் எனக்கு ஒரு குறையும் இல்லை. ஆனால் இன்று சொந்தத்தில் யாரைக் கேட்டாலும், பாங்காக்கில் போலிக் கல்லைத் தேடிப் பிடித்த சகலையின் சாமர்த்தியத்தைத்தான் சொல்கிறார்கள். அசல் என்று கண்ணில் ஒற்றிக்கொண்ட அதே ஆட்கள். சகலையும் மறுப்பதில்லை.

சம்பந்தம் தானாக வரவில்லை. நான் கொண்டுவந்தேன். முறிய இருந்ததை நான்தான் பிடித்து நிறுத்தினேன். ஆகவே கேட்கிறேன். தாலி கட்டி முடிந்ததும் சகலை மேடையில் மைக்கைப் பிடித்து, எல்லாச் சொந்தமும் கேட்க, இந்தக் கல்யாணம் அண்ணனால் நடந்தது என்று தன் வாயால் சொல்ல வேண்டும். பத்திரிகையில் பெயர் போட்டேன், மாலை போட்டேன் என்ற பேச்செல்லாம் எடுபடாது. அதைச் சொன்ன பிறகுதான் நான் பந்தியில் உட்காருவேன்.