கோட்டுக்கு வெளியே நின்றவர்

பெரம்பலூர் பழைய பஸ் ஸ்டாண்டு பக்கம் ஸ்டூடியோ வைத்திருக்கும் அறிவரசனிடம் இரண்டு கேமராக்கள் உண்டு. சோறு போடுவது பெரிய எஸ்எல்ஆர். லென்ஸ் வழியே வரும் காட்சியை உள்ளேயிருக்கும் கண்ணாடி திருப்பிக் கண்ணுக்குக் காட்டும். படத்தில் என்ன விழுமோ அது மட்டும்தான் தெரியும். பட்டனை அழுத்தினால் கண்ணாடி டப்பென்று எழும்பும், ஒரு கணம் எல்லாம் இருட்டாகும். ஜூம் உண்டு, ஃபோகஸ் தானாகவே பிடித்துக்கொள்ளும். கல்யாண வேலைக்கு அதை விட்டால் வேறு கிடையாது.

இன்னொன்று, திருச்சியில் ஒரு டாக்டரிடம் பழசாக வாங்கிய டிஜிட்டல் ரேஞ்ச்ஃபைண்டர். சட்டைப்பைக்குக் கொஞ்சம் பெரிது, அவ்வளவுதான். ஜூம் கிடையாது. கையால் திருகி, இரண்டாகத் தெரியும் உருவத்தை ஒன்றாகச் சேர்த்தால்தான் ஃபோகஸ். அதில் லென்ஸ் வழியாகப் பார்ப்பதில்லை. மூலையில் தனியாக ஒரு சின்ன ஜன்னல். ஜன்னலுக்குள் வெள்ளைக் கோட்டில் ஒரு கட்டம். கட்டத்துக்குள் நிற்பவர்கள் படத்தில் வருவார்கள். வெளியே நிற்பவர்களும் கண்ணுக்குத் தெரிவார்கள், படத்தில் மட்டும் இருக்க மாட்டார்கள்.

டீக்கடைக்கும் சந்தைக்கும் அவர் எடுத்துப் போவது அதைத்தான். பெரிய கேமராவைப் பார்த்தால் சட்டையை இழுத்துவிட்டு விறைக்கிற ஆட்கள் சின்னதைக் கண்டுகொள்வதே இல்லை. ஞாயிற்றுக்கிழமை காலையில் அவர் அதைத் துடைக்கும்போதெல்லாம் மனைவி மேகலா, “என்ன, சின்ன வூட்டுக்குக் கெளம்பியாச்சா?” என்பார்.

மூன்று வருடங்களுக்கு முன் சிறுவாச்சூர் பக்கத்தில் ராசாங்கத்தின் மகளுக்குக் கல்யாணம். மக்காச்சோளமும் பருத்தியுமாக நிறைய நிலம் உள்ள மனிதர். குடும்பப் படம் எடுக்கும்போது, அந்த நிலத்தில் முப்பது வருடம் பாடுபட்ட செல்லக்கண்ணுவும் அவர் மனைவி பொன்னாயியும் வரிசையின் கடைசியில் வந்து நின்றார்கள். ராசாங்கத்தின் மனைவி அறிவரசனைப் பார்த்து இரண்டு விரல்களைக் கத்திரி போல அசைத்தார்.

இந்த வட்டாரத்துப் போட்டோக்காரர்கள் எல்லாருக்கும் அந்தச் சைகை தெரியும். யாரையும் நகரச் சொல்ல வேண்டாம். நிற்கட்டும், சிரிக்கட்டும், ஃப்ளாஷ் வெளிச்சம் அவர்கள் முகத்திலும் அடிக்கட்டும். ஆல்பத்தில் மட்டும் வேண்டாம். தீண்டாமை சட்டப்படி ஒழிந்துபோன நாட்டில், அது ஜூம் வளையத்துக்குள் போய்க் குடியேறியிருந்தது. அறிவரசன் வளையத்தைத் திருகினார். செல்லக்கண்ணு மறைந்தார். பதினைந்து வருடமாக இப்படி எத்தனையோ பேரைத் திருகித் தள்ளிய கை அது. அவருடைய அப்பாவும் ஒரு காலத்தில் இப்படிப்பட்ட வாசல்களில் ஓரமாக நின்றவர்தான்.

பிறகு தனக்கென்று சின்ன கேமராவில் ஒரு படம் எடுத்தார். அது ஆல்பத்துக்குப் போகாது. யாரும் விரலை அசைக்கவில்லை. ஜன்னலில் வெள்ளைக் கோட்டுக்கு அரையடி வெளியே செல்லக்கண்ணு எண்ணெய் வைத்துச் சீவிய தலையோடு தெளிவாகத் தெரிந்தார். ஓர் எட்டு பின்னால் வைத்திருந்தால் போதும். அறிவரசன் கேமராவை இன்னும் கொஞ்சம் எதிர்ப்பக்கம் திருப்பி, மணமக்களை நடுவில் நிறுத்தினார்.

பந்திக்குப் போகும்போது செல்லக்கண்ணு அவரை நிறுத்தி, “தம்பி, நாங்க வுழுந்திருக்கமா?” என்று கேட்டார்.

“வுழுந்திருக்கீங்கண்ணே.”

போன ஆண்டு ராசாங்கத்தின் வயலில் டிராக்டர் கவிழ்ந்து செல்லக்கண்ணு இறந்தார். இழப்பீடு கேட்டுப் பொன்னாயி திருச்சி தொழிலாளர் துறை அலுவலகத்தில் மனுப் போட்டார். அந்த ஆள் யாரென்றே தெரியாது, வழியில் டிராக்டரில் தொற்றி ஏறியிருப்பார் என்று ராசாங்கம் எழுதிக் கொடுத்துவிட்டார். வேலை செய்ததற்குக் கூலி ஆளுக்கு எந்தப் பண்ணையில் சீட்டு கொடுக்கிறார்கள்? சாட்சி சொல்ல வேண்டிய மற்ற கூலிகளுக்கு மறுநாளும் அதே வயலில் வேலை வேண்டும். பொன்னாயிக்கு ஞாபகம் வந்தது அந்தக் கல்யாணப் படம்தான். அடுத்த விசாரணைக்குள் அது கிடைத்தால், தெரியாத ஆள் எப்படிக் குடும்பத்தோடு நின்றார் என்று கேட்கலாம்.

பொன்னாயி ஸ்டூடியோவுக்கு வந்து நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தார். அறிவரசன் அன்றைய படங்களையெல்லாம் கம்ப்யூட்டரில் திறந்து பார்த்தார். எஸ்எல்ஆர் படங்கள் எதிலும் செல்லக்கண்ணு இல்லை. சின்ன கேமராவின் படத்தில் ஓரமாக ஒரு முழங்கை மட்டும் இருந்தது. யாருடைய முழங்கையாகவும் அது இருக்கலாம்.

“கம்ப்யூட்டர் கெட்டுப்போயி படமெல்லாம் அழிஞ்சிருச்சுக்கா” என்றார்.

“நீ என்ன செய்வே தம்பி” என்று சொல்லிவிட்டுப் பொன்னாயி எழுந்து போனார். கல்லாவில் இருந்த மேகலா திரும்பிக்கூடப் பார்க்காமல், “அழிஞ்சுதா, நீங்க அழிச்சதா?” என்றார்.

அதன் பிறகு மூன்று வாரம் அறிவரசன் சின்ன கேமராவைத் தொடவில்லை. பெரிய கேமராவோடு மட்டும் போயிருந்தால், நான் பார்க்கவே இல்லை என்று தனக்குத்தானே சொல்லிக்கொள்ள ஒரு வழி இருந்திருக்கும். சின்னதில் அந்த வழியும் இல்லை.

விசாரணை நாளில் சின்ன கேமராவை எடுத்துக்கொண்டு திருச்சிக்குப் போனார். சாட்சி சொல்ல அனுமதி கேட்டு, செல்லக்கண்ணு ராசாங்கத்தின் குடும்பத்தோடு நின்றதையும், தான் அவரை வெட்டியதையும் சொன்னார். யார் சொல்லி வெட்டினார் என்பதையும், யாரும் சொல்லாமலே இரண்டாவது தடவை வெட்டியதையும் மறைக்கவில்லை.

ராசாங்கத்தின் வக்கீல் சிரித்தார். “லென்ஸுல எது தெரியுதோ அதுதானே படம்? படத்துல இல்லாத ஆளை எப்படிங்க பார்த்தீங்க?”

அறிவரசன் ரேஞ்ச்ஃபைண்டரை விசாரணை அதிகாரியிடம் கொடுத்து, ஜன்னல் வழியாக அறையைப் பார்க்கச் சொன்னார். அதிகாரி கண்ணை வைத்தார். கட்டத்துக்குள் வக்கீல் இருக்கிறார், கோட்டுக்கு வெளியே மனுப் போட்ட அம்மாவும் நன்றாகத் தெரிகிறார் என்று சொல்லிக்கொண்டே கேமராவை இறக்கினார். சாட்சியம் பதிவானது. தீர்ப்பு இன்னும் வரவில்லை. படியிறங்கும்போது ராசாங்கம், இனி எந்தக் கல்யாண வீட்டில் நீ கேமரா தூக்குவாய் பார்க்கிறேன் என்று மெதுவாகச் சொல்லிவிட்டுப் போனார். அந்த மாதமே மூன்று வீட்டார் முன்பதிவை ரத்து செய்தார்கள்.

அன்று பஸ் நிறுத்தத்தில் பொன்னாயி தனியாக நின்றிருந்தார். அறிவரசன் பக்கத்தில் போய், “ரெண்டு தடவ பொய் சொல்லிட்டேன்க்கா” என்றார்.

பொன்னாயி பஸ் வரும் பக்கம் பார்த்தபடியே பேசினார்.

“எனக்குச் சொன்னது போவட்டும் தம்பி. அந்த மனுசன் சாவுற வரைக்கும் ஊரெல்லாம் சொல்லிக்கிட்டுத் திரிஞ்சாரு, அவுங்க வூட்டு போட்டோவுல நானும் இருக்கேன்னு. கேட்டவனெல்லாம் உள்ளுக்குள்ள சிரிச்சிருப்பான்ல?”

பெரம்பலூர் பஸ் வந்தது. பொன்னாயி ஏறி உட்கார்ந்தார். அவருக்குப் பக்கத்து இடம் காலியாகத்தான் இருந்தது. அறிவரசன் அந்த பஸ்ஸில் ஏறவில்லை.